ஒரு கோலும் போட விடாதவர்

ஈப்போவில் எங்கள் அடுக்குமாடி கேட்டில் காவலுக்கு ஒரு ஜாகா இருந்தார். ஒல்லியான உடம்பு, வளைந்த கால்கள். அறிமுகமில்லாத கார் வந்தால் கைகளை விரித்து, முழங்காலை மடக்கி எதிரே நிற்பார்.

ஓய்வுபெற்ற ஒரு பிரபல காற்பந்து வீரரின் பேச்செடுத்தால் எரிந்து விழுவார்.

"அவன்லாம் ஒரு ஆளா? பேப்பர்காரன் ஊதிப் பெருசாக்கிட்டான் லா."

"அவரோட ஆடியிருக்கீங்களாமே, அண்ணே?"

"எஸ்டேட் திடல்ல. ஒரு கோல்கூட போட விடல நான்."

"அப்ப அவரு பெரிய ஆளுன்னாதானே உங்களுக்குப் பெருமை?"



"அவன் பெரிய ஆளுன்னா, அவனையே மறிச்ச நான் எதுக்கு தம்பி இந்தக் கேட்ல நிக்கிறேன்?"

பின்னால் ஹார்ன் அடித்தது. கேட் கம்பைத் தூக்கி, காருக்குள் யாரென்று பாராமலே சல்யூட் வைத்தார்.

அந்த வீரருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இப்போது யார் கேட்டாலும், அவரிடம் ஒன்றுமே இல்லை என்கிறேன்.