ஃபிரிட்ஜில் கோமதி அக்காவின் குப்பி

ஞாயிறு மதியம் போன் அடித்தபோது நான் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து யாரோ பேசினார். மொபெட்டை லாரி இடித்துவிட்டதாம். பையில் எங்கள் நம்பர் இருந்ததாம். கோமதி அக்கா போய்விட்டார். ஃபிரிட்ஜ் கதவை அம்மா வந்து சாத்தினார்.

ஆய்வகத்தில் கூட வேலை செய்த உங்களுக்கு அவர் கோமதி மேடம். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அவரை நான் ‘கிருமி அக்கா’ என்பேன். தோலையும் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் மாதிரி ஒரு புரதத்தை, மரபணு மாற்றிய பாக்டீரியாவைச் செய்யவைப்பது அவர் வேலை. மூன்று இழை சடைபோலப் பின்னினால் குளிரில் கெட்டியாகும், சூட்டில் பிரிந்து தண்ணியாகும் என்பார். ‘உங்களுக்கே சடை ஒழுங்கா வரல, கிருமிக்கு எங்கீங்க வரும்?’ என்று சீண்டுவேன். சிரிப்பார். ஆனால் அந்தப் பின்னல் விழுமா என்று மாசக்கணக்காகத் தவித்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் கரண்ட் இல்லை. அந்தப் புரதம் கெட்டியாகியிருந்த குப்பியோடு எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்தார். புரட்டாசி மாசம் வேறு. அம்மா விடவில்லை.

“ஏனம்மணி, ஆட்டுத்தோலா, மாட்டெலும்பா?”

“ரெண்டும் இல்லீங்கம்மா. கிருமி செஞ்சதுங்க.”

“அதுக்கு ஆட்டுத்தோலே தேவலையே.”

முணுமுணுத்தாலும் இடம் கொடுத்தார். மறுநாள் சனிக்கிழமை விரதம். முட்டையை வெளியேற்றிய கையோடு குப்பியும் வெயில் காயும் மதில்மேல் போய்விட்டது. சாயங்காலம் பார்த்தால் தண்ணி. அம்மா குப்பியை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

“சடை அவுந்திருக்குதுங்கம்மா. குளுந்தா அதுவா பின்னிக்கோணும். பின்னலீன்னா நான் செஞ்சது கொலாஜன் மாதிரியே இல்லீங்க.”

ஞாயிறு காலை, குடுவைகளை ஆட்டும் மெஷினின் மோட்டாரைப் பட்டறையிலிருந்து வாங்கிவரக் கிளம்பினார். “வாரேன் கண்ணு. நான் வந்துதான் கவுத்துப் பாக்கோணும். நீ தொட்டுப்போடாதே.”

எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியபின் நான்தான் கவிழ்த்தேன். விழவில்லை. துளிகூட அசையவில்லை. சொல்வதற்கு மாடிப்படி ஏறினேன், பாதியில் இறங்கினேன், திரும்ப ஏறினேன். இன்னமும் அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா முட்டையை மட்டும் வெளியே எடுத்தார். குப்பியைப் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

அதை நீங்கள் வந்து எடுத்துப்போங்கள், அது உங்கள் வேலை. கவிழ்த்தும் விழாமல் நின்ற அந்த ஒரு நொடி அக்காவுக்கு உரியது. அவர் வரவில்லை, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.