சத்தமின்றி இறங்கிய வண்டி

மலைச்சாலை நினைவுகளைத் தொகுத்துவரும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மின்சாரக் கார் வாங்கலாமா என்று ஓட்டிப் பார்த்த என் மகன், என்னையும் போடிமெட்டு மலைக்கு அழைத்துச் சென்றான். திரும்பும் வழியில், இறக்கத்தில் இஞ்சின் ஓசையே இல்லை. கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

என் எட்டாம் வயதில், ஏலக்காய் பறித்துத் திரும்பிய என் தாயுடன் ஜீப்பில் இதே சாலையில் இறங்கினேன். எண்ணெயை மிச்சப்படுத்த இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிடுவது அந்நாளைய ஓட்டுநர்களின் வழக்கம். பச்சை ஏலக்காயின் வாசனையோடு காற்றின் இரைச்சல் மட்டுமே இருந்தது.

"அண்ணே, இஞ்சினப் போடுங்கண்ணே," என்றார் தாய்.

"தானா உருள்ற வண்டிக்கு எண்ணெய் எதுக்கு ஆத்தா? நீ வந்து ஊத்துறியா?" என்று சிரித்தார் ஓட்டுநர்.

இஞ்சினின் பிடிப்பு இல்லாததால் சிறிது நேரத்தில் பிரேக் தீய்ந்து நாறியது, பிறகு பிடிக்கவேயில்லை. அவர் ஜீப்பை மலைப்பாறையில் உரசி நிறுத்தினார். வெளிக்கம்பியைப் பற்றியிருந்த என் தாயின் வலக்கை நசுங்கியது. அதன்பின் அவர் ஏலக்காய் பறிக்கவில்லை.

"இஞ்சினப் போடுப்பா!" என்று இப்போது காரில் மகனிடம் கத்திவிட்டேன்.

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே மோட்டாரு தானா வண்டிய இழுத்துப் பிடிக்குது, பாருங்க."

வேகம் குறைந்தது உண்மைதான். ஆயினும் கைப்பிடியை நான் விடவில்லை.

"நீ வாங்கிக்கப்பா. நான் பஸ்சுல வர்றேன்," என்று வளைவில் இறங்கிக்கொண்டேன்.

காரணத்தை அவனிடம் இன்னும் சொல்ல இயலவில்லை. ஆதலால் உங்கள் தொகுப்புக்கு எழுதியுள்ளேன், தயவுசெய்து இதைப் பத்திரமாக வைத்திருங்கள்.