நொதி வெட்டாத நாட்கள்

நான் முனைவர் பட்ட ஆய்வு செய்த கல்லூரி திருப்பூருக்குச் சற்று வெளியே இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேர்தான். என் நெறியாளரான பேராசிரியர், நான், உதவியாளராக இருந்த ஓர் அக்கா. அக்கா அனுப்பர்பாளையத்துக்காரர். பனியன் கம்பெனியில் பல வருடம், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். காலையில் திறப்பதும் குடுவைகளைக் கழுவுவதும் மாலையில் பூட்டுவதும் அவர் பொறுப்பு.

என் ஆய்வு ஒரு பாக்டீரியாவைப் பற்றியது. மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறையின் பின்புறக் கசடிலிருந்து அதை எடுத்திருந்தேன். சிவப்புச் சாயத் தண்ணீரில் விட்டால் தண்ணீர் மெல்ல வெளுத்துவிடும். அதைச் செய்கிற மரபணுவைப் பிரித்து, பிளாஸ்மிட் என்கிற சிறிய வட்ட டிஎன்ஏவில் சேர்த்து, ஆய்வகப் பாக்டீரியாவுக்குள் வளர்த்து வைத்திருந்தேன். இனி அதை அங்கிருந்து வெட்டி எடுத்து வேறொரு பிளாஸ்மிட்டில் ஒட்ட வேண்டும். வெட்டுவதற்கு நொதிகள் உண்டு. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய எழுத்து வரிசையை டிஎன்ஏவில் தேடிப் பிடித்து அங்கே மட்டும் வெட்டும். மரபணுவின் இரு முனைக்கும் இரண்டு நொதிகள் வைத்திருந்தேன். இரண்டும் வெட்டினால், டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு கோடுகள் தெரியும். எனக்கு ஒரே கோடுதான் வந்தது. ஒரு நொதி வெட்டியிருந்தது, மற்றது வெட்டவில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நொதிகள் அதற்குள்தான் இருக்கும். குளிர் போனால் கெட்டுவிடும். தேங்கிய தண்ணீரையும் வெட்டாத நொதியையும் சார் சேர்த்துப் பார்த்தார். சனிக்கிழமை யார் பூட்டியது என்று கேட்டார்.

“நாந்தானுங்க சார்” என்றார் அக்கா.

“ஃப்ரீசர் கதவைச் சரியா மூடினீங்களா?”

“மூடி அமுத்திப் பாத்துட்டுத்தானுங்க போனேன்.”

ஞாயிறு பகல் முழுவதும் கரண்ட் இல்லை என்று வாட்ச்மேன் சொன்னதாக நான் சொன்னேன். கதவு மூடியிருந்தால் ஒரு பகலுக்குத் தாங்கும் என்றார் சார். அவர் கத்தவில்லை. அலுவலகத்தில் பேசி, அக்காவை நூலகத்துக்கு மாற்றிவிட்டார். கவனக்குறைவு என்று காரணமும் சொல்லியிருந்தார். அக்கா தன் டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள், நொதியோடு கம்பெனி அனுப்பியிருந்த சோதனை டிஎன்ஏவை எடுத்து, அதே குழாயில் இருந்த நொதியைச் சேர்த்துப் பார்த்தேன். ஒழுங்காக வெட்டியது. சாரிடம் காட்டி, நொதி கெடவில்லையே சார் என்றேன். பாதி கெட்ட நொதிகூடச் சோதனை டிஎன்ஏவை வெட்டிவிடும், உன் பிளாஸ்மிட்டை வெட்டிக் காட்டு, பார்க்கலாம் என்றார். அதில் தவறில்லை. ஆனால் என் பிளாஸ்மிட்டை எத்தனை முறை சுத்தம் செய்தும், நொதியைக் கூட்டிப் போட்டும், அதே ஒற்றைக் கோடு.

கோயம்புத்தூரில் என்னோடு எம்எஸ்சி படித்த தோழி ஒருத்தி இதே துறையில் இருந்தாள். அவளுக்கு போன் செய்து புலம்பினேன். வெட்டுகிற இடத்தையும் அதற்கு அடுத்த எழுத்துகளையும் படிக்கச் சொன்னாள். டி, சி, டி, ஏ, ஜி, ஏ என்று நொதிக்குரிய ஆறையும் படித்து, அதன்பின் டி, சி என்றேன்.

“பிளாஸ்மிட்ட எந்த பாக்டீரியாவுல வளத்துன?” என்றாள்.

ஆய்வகங்களில் எல்லோரும் வளர்க்கிற சாதாரண ஈ.கோலைதான் என்றேன்.

“அப்புறம் எப்படி வெட்டும்? கடைசி நாலு எழுத்தப் பாரு. ஜி, ஏ, டி, சி. அந்த ஏ மேல அது மெத்தில் ஒட்டிருக்கும்.”

பாடத்தில் படித்ததுதான். ஈ.கோலை தன் டிஎன்ஏவில் அந்த நான்கெழுத்து வருகிற இடத்திலெல்லாம் ஏ மீது மெத்தில் என்ற சிறு வேதிக்கூறை ஒட்டிவைக்கும். அதற்குள் வளர்கிற என் பிளாஸ்மிட்டுக்கும் அதே கதிதான். என் நொதியின் கடைசி இரண்டு எழுத்தும் அடுத்து வந்த இரண்டும் சேர்ந்து அந்த நான்கெழுத்தாகிவிட்டன. மெத்தில் குறுக்கே நிற்க, நொதியால் அங்கே வெட்ட முடியவில்லை. நொதியும் நன்றாக இருந்தது, டிஎன்ஏவும் சுத்தமாக இருந்தது.

மெத்தில் ஒட்டத் தெரியாத ஈ.கோலை வகை ஒன்று தோழியின் ஆய்வகத்தில் இருந்தது. பஸ் பிடித்துப் போய் வாங்கிவந்தேன். கைப்பைக்குள் அந்தச் சின்னக் குழாய் பத்திரமாக இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிளாஸ்மிட்டை அதற்குள் செலுத்தி, வளர்த்து, பிரித்தெடுத்து, கெட்டுப்போனதாகச் சொன்ன அதே நொதிகளைச் சேர்த்தேன். இரண்டு கோடுகள் வந்தன.

சார் ஜெல்லை நெடுநேரம் பார்த்தார். மெத்தில் விஷயத்தைச் சொன்னேன். தனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்றார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார். அக்கா புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்த நூலகர் கேட்கும்படியாகவே சார் சொன்னார்: “கரண்ட் போனதுல பனி உருகுன தண்ணிதான் அது, ஃப்ரீசர்ல இருந்தது எதுவும் கெடலைங்க. உங்க மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

“நான் அன்னைக்கே சொன்னனுங்களே சார்” என்றார் அக்கா. அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, சமாதானமும் இல்லை.

அலுவலகத்தில் சொன்னதைத் திருத்திவிடுவதாகவும், ஆய்வகத்துக்கே திரும்பி வரலாம் என்றும் சார் சொன்னார். அக்கா பசை டப்பாவை மூடிவைத்தார்.

“சொன்னதத் திருத்தீருங்க சார், அது போதும். நான் இங்கயே இருந்துக்கறேனுங்க. உக்காந்து பாக்கற வேலை, காலுக்கு நல்லாருக்குது.”

சார் அன்று மதியமே அலுவலகத்துக்குப் போய்த் திருத்திவிட்டு வந்தார். மாலையில் அக்காவே ஆய்வகத்துக்கு வந்தார். என்னதான் ஆச்சு என்று காட்டச் சொன்னார். அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைப் போட்டு ஜெல்லைக் காட்டினேன். இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோடுகள். குனிந்து பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா கண்ணு?” என்று கேட்டார். இவ்வளவுதான் அக்கா என்றேன். சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அவர் இடத்துக்கு ஆள் வர அடுத்த கல்வியாண்டு ஆகிவிட்டது. அதுவரை குடுவைகளை நானும் சாரும் மாறி மாறிக் கழுவினோம்.