பெர்கித்தின் சந்தேகமும் டாக்ரோஸின் பாலும்

பெர்கித் லேசில் யாரையும் நம்பமாட்டாள். அவள் கிண்டிய பாலேட்டுக் கஞ்சியைப் பாதிரியார் ஒருமுறை புகழ்ந்துவிட்டார். "அடுத்த வாரம் கோயில் கூரைக்கு ஏதாவது கேப்பாரு பாரு" என்று என் காதில் சொன்னாள். டெலமார்க் மலையில் எங்கள் இருவரின் மலைப்பட்டிகளுக்கும் நடுவில் ஓர் ஓடைதான். ஜூனில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறினால், இலை உதிரும்வரை பெண்கள் மேலே கறந்து கடைவோம், ஆண்கள் கீழே குளிர்காலத்துக்குப் புல் அறுத்துக் காயவைப்பார்கள்.

அவளிடம் இருந்தவை எங்கள் ஊர் மாடுகள். விலாவெல்லாம் சிவப்பு, முதுகோடு வெள்ளை, மேலே எழுந்து வெளியே விரியும் கொம்பு. சின்ன உடம்புதான், ஆனால் பாறை இடுக்குப் புல்லைத் தின்றே பால் தரும். நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாவட்டத்தில் கண்காட்சி வைத்துக் கொண்டாடிய இனம். அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள். 1960களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளே பெரிய புதுச் சிவப்பு மாட்டின் பின்னால் ஓடினார்கள். அது தொழுவத்திலேயே நின்று மூட்டைத் தீவனம் தின்னும். மலை ஏற வேண்டியதில்லை.

அந்தக் கோடையில் பெர்கித்தின் மந்தைக்கு முன்னால் நடக்கும் மாடு டாக்ரோஸ், சில நாள் மாலையில் வற்றிய மடியோடு பட்டிக்கு வந்தது. அவள் புருஷன் ஸ்வைனுங் அடித்துச் சொல்லிவிட்டார்: "இலை உதிர்றப்பவும் இப்படியே இருந்தா டாக்ரோஸ கசாப்பு லாரியில ஏத்திருவேன். மத்ததையும் சேத்துத்தான். சிவப்பு மாடு வாங்கிக்கலாம்."

பெர்கித்துக்குத் தூக்கம் போயிற்று. முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான்.

"ஹேகே, இந்த வருஷம் உன் வெண்ணெய் ஜாஸ்தியா இருக்கே?"

"ஆமா, உன் மாட்டைக் கறந்துதான் கடையிறேன். மோர் குடிச்சிட்டுப் போ."

சிரிக்கவில்லை. மோரை வாயில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது உன் மாட்டுப் பாலுதான்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து, பாறைக்குள் குடியிருந்து மாடு கறப்பார்களாமே, அந்த மாயப் பெண்களைச் சந்தேகப்பட்டு வாசலுக்கு மேல் அரிவாளைச் சொருகினாள். மடி வற்றத்தான் செய்தது.

இதில் ஒரு விஷயம் இடித்தது. எங்கள் மலையில் ஒவ்வொருத்திக்கும் மாட்டை அழைக்கத் தனிக் கூவல் உண்டு. அடுத்தவள் கூவினால் மாடு திரும்பிக்கூடப் பார்க்காது. பெர்கித் தன் கூவலை மகளுக்கே சொல்லித்தரவில்லை. டாக்ரோஸோ அந்நியர் கை பட்டால் உதைக்கும். அப்படியானால் எவள் கறக்கிறாள்?

மழை நாட்களில்தான் மடி வற்றுகிறது என்பதை நான் கவனித்தேன். மழை பெய்தால் கீழே புல் காயாது, ஆண்கள் சும்மா இருப்பார்கள். அடுத்த மழைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு மாட்டின் பின்னால் போனேன். என் பெயர் சுத்தமாக வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் கழிந்ததும் பூர்ச்ச மரங்களுக்குள்ளிருந்து கூவல் எழுந்தது. பெர்கித்தின் கூவலேதான், ஆனால் கட்டைக் குரல். மேலே ஏறும் இடத்தில் பிசிறடித்தது. டாக்ரோஸ் காதை நிமிர்த்திக்கொண்டு ஓடியது. போய்ப் பார்த்தால், ஸ்வைனுங் குந்தியிருந்து கறந்துகொண்டிருக்கிறார். வாளிகூட இல்லை. பால் பாசிமேல் வழிந்து ஓடியது.

"அந்தக் கூவலை யாரு சொல்லிக் குடுத்தா?" பெர்கித் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"யாரும் இல்ல. கல்யாணத்துக்கு முந்தி கோடை கோடையா கீழ வயல்ல நின்னு கேட்டிருக்கேன்." அவர் எழுந்திருக்கவில்லை.

"எவன் அனுப்பினான்? லாரிக்காரனா, சிவப்பு மாட்டு ஏஜெண்டா?"

"சிவப்பு மாடு வந்தா நீ மலைக்கு வர வேண்டியதில்ல பெர்கித். கோடை பூரா அந்த வீட்ல தனியா உருளைக்கிழங்கை அவிச்சுத் தின்னுட்டுக் கிடக்கேன். சுவத்தோடதான் பேசுறேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு நல்ல மாட்டைக் கசாப்புக்கு அனுப்பப் பார்த்த மனுஷன். ஆனால் பாவமாக இருந்தது.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே" என்றாள் பெர்கித். குரல் இறங்கிவிட்டது.

"சொன்னேனே. ஜூன்ல, நீ மாட்டை அவுக்கும்போது. இந்த வருஷம் போகாதேன்னு சொன்னேன். எவன் தூண்டிவிட்டான்னு கேட்ட. நான் பதில் சொல்றதுக்குள்ள ஓட்டிட்டுப் போயிட்ட."

பெர்கித் ஈரப் பாசிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் டாக்ரோஸின் மடியிலிருந்து கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவளிடம் வரத் தைரியம் இல்லாமல் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

டாக்ரோஸ் லாரி ஏறவில்லை. அதன் பிறகு மழை பெய்தால் ஸ்வைனுங் பகிரங்கமாகவே மேலே வந்து தங்கினார், மாலைக் கறவையும் அவர்தான். அவர் கொண்டுவரும் வாளியை மட்டும் பெர்கித் கடைசிவரை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.