ஓடாத கடிகாரத்தைப் பார்த்து ஓடினேன்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு பெரிய மனிதரைக் கடத்திக்கொண்டு போனேன். பட்டப்பகலில், ரயிலில் வைத்து!

பயப்படாதீர்கள். கடத்தப்பட்டவர் மதுரையில் ரிட்டயரான ஒரு சப்-மாஜிஸ்திரேட். தம் பையனுக்காக, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என் பெண் சரோஜாவைப் பார்த்தார். சொஜ்ஜி சாப்பிட்டார், பஜ்ஜி சாப்பிட்டார், மீசையைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்குப் போய் யோசிச்சுத் தபால் போடறேங்க" என்றார்.

இதற்கு முன் வந்த மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். தபால்காரரும் எங்கள் தெருவுக்குத் தினம் வருகிறார்... எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதற்கு.

ஆகவே என் சம்சாரம் உத்தரவு போட்டாள். "திருச்சி ஜங்ஷன் வரைக்கும் கூடவே போங்க. ஜன்னலோரமா உக்கார வச்சுட்டு, வண்டி கெளம்பினப்புறம் வாங்க. வழியில ரொம்பப் பேசாதீங்க."

ஜட்காவில் போனோம். நான் பேசாமல் இருந்திருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்?

மதுரை வண்டி நாலு ஐம்பதுக்கு. ஜங்ஷனுக்குள் காலை வைத்து நிமிர்ந்து பார்க்கிறேன் — பிளாட்பார வாசலுக்கு மேலே முறத்தளவு கடிகாரம். முள் நாலு ஐம்பதில் நிற்கிறது!

"ஓடுங்க சம்பந்தி!" என்று கத்தினேன். அவர் இன்னும் சம்மதமே சொல்லவில்லை. பயத்தில் நானே சம்பந்தியாக்கிவிட்டேன்.

அவர் நிதானமாக வெள்ளிச் சங்கிலியை இழுத்து வாட்சைப் பார்த்தார். "நாலு பத்துதானேங்க ஆகுது?"

"உங்க வாட்ச் ஸ்லோங்க!"

"என்ன சொன்னீங்க? கோர்ட்ல இந்த வாட்சைப் பாத்துத்தான் மணி அடிப்பாங்க."

"அடிக்கட்டுங்க. ரயில்வே கடிகாரம் பொய் சொல்லுமா?"

மாஜிஸ்திரேட்டின் வாட்சையே பொய்ச்சாட்சி ஆக்கினேன். என் இடது கையில் அவருடைய டிரங்குப் பெட்டி. வலது கையில் அவர். கூட்டம் எந்த வாசலில் நுழைந்ததோ அதே வாசலில் நாங்களும் நுழைந்தோம். டிக்கெட் கேட்டவருக்கு நின்று பதில் சொல்ல நேரமேது? எதிரே ஒரு வண்டி விசில் ஊதிக்கொண்டிருந்தது. அவரை ஏற்றி, பெட்டியைப் பெஞ்சுக்கடியில் தள்ள நானும் ஏறி... தள்ளி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? ஒரு நிமிஷம் அசந்திருந்தா விட்டிருப்போம்!" என்றேன். பெருமையாக வேறு!

எதிர் பெஞ்சில் பாலக்கரை ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருவர். "எங்கேங்க பயணம்?"

"மதுரைக்கு."

"இன்ஷா அல்லா போய்ச் சேருவீங்க. ஆனா இந்த வண்டி மதராசுக்குல்ல போகுது?"

வாசல் கடிகாரத்தைப் பார்த்து ஓடிவந்ததைச் சொன்னேன். அவர் விளக்கினார். வாசலுக்கு மேலே தொங்குவது கடிகாரமே இல்லையாம். மரத்தட்டு. அந்த வாசல் வழியாக ஏற வேண்டிய வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று காட்ட, முள்ளைக் கையால் திருப்பி வைப்பார்களாம். கீழேயே ஊர்ப் பெயரும் பிளாட்பார நம்பரும் எழுதித் தொங்குமாம்.

நான் கீழே பார்த்தால்தானே? பதற்றக்காரன் எதையும் முழுசாகப் படிப்பதில்லை. தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி வைக்கிறார்களே... அந்த ஜாதி நான்.

"மரமுள்ளு துரத்தி ஓடின ஆளை இன்னிக்குத்தாங்க பாக்கறேன்" என்றார் ராவுத்தர்.

மாஜிஸ்திரேட் வாட்சை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கலாம் என்றால், பெருமாள் சேவைக்குப் போகிற கூட்டம் ஏறிய வேகத்தில் இன்னும் உள்ளே தள்ளப்பட்டோம். காவேரிப் பாலம் தடதடத்தது. சரோஜாவின் கல்யாணம் ஆற்றோடு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். அடுத்த மதுரை வண்டி ராத்திரிதான். வேறு வழி? மறுபடியும் எங்கள் வீடு!

அங்கே பெண் பார்க்கும் ஜோடனையெல்லாம் கலைந்துவிட்டது. பட்டுப்புடவை கொடியில். சரோஜா நூல்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிச்ச பஜ்ஜியைக் காலி செய்துகொண்டிருந்தாள். என் சம்சாரம் என்னை ஓரமாக இழுத்தாள். "என்னங்க இது? பொண்ணு பிடிக்கலைன்னு நேர்லயே சொல்ல வந்துட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன். சரோஜா சிரித்தாள் பாருங்கள் — கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய! பெண் பார்க்க வந்தவர் முன்னால்!

"ஏம்ப்பா, முள்ளு நகருதான்னு ஒரு தடவை பாக்கக் கூடாதா?" என்றாள். அதோடு விட்டாளா? அவர் பக்கம் திரும்பி, "நீங்களாவது எங்கப்பாவைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமேங்க?" என்றாள்.

போச்சு. நாலாவது தபாலும் போச்சு.

மாஜிஸ்திரேட்டின் மீசை துடித்தது. அப்புறம் தொந்தி குலுங்கியது. அப்புறம் மனுஷர் முழுசாகவே குலுங்க ஆரம்பித்தார்.

"மத்தியானம் பாத்தப்ப தலையே நிமிரலை. பேச்சு வருமா வராதான்னே எனக்குச் சந்தேகங்க. ஊருக்குப் போயிருந்தா, சரிப்படாதுன்னுதான் எழுதியிருப்பேன்" என்றார். "பஜ்ஜி இன்னும் இருக்கா? வை மருமகளே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு நிபந்தனைங்க. கல்யாணத்துக்கு நாங்க வரப்போ, ஸ்டேஷனுக்கு யாரை வேணாலும் அனுப்புங்க. நீங்க மட்டும் வராதீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், என் சம்சாரம் சம்மதம் சொல்லிவிட்டாள்.