வரிக்கு முன்னால் விடும் இடம்

கீழ்வேளூரில் அந்த வீட்டின் முன்னறைக்குள் நான் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஆள் அல்ல, எழுத்து. சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல், அதுவும் பாதிச் சொல், கடையின் பெயர்ப்பலகை எழுத்து அளவுக்குப் பெரிதாக நின்றிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திரைக்கு நேரே வைக்காமல் ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் அதைப் பார்த்தபடி சார் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு என் பக்கம் திரும்பினார். வாசல் வெளிச்சம் முழுக்க என் மேல் விழுந்திருந்தது. அப்படியும், "யாரு, சொல்லுங்க" என்றார். நான் பேசிய பிறகுதான் அவர் முகம் மாறியது. சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் கை முதலில் போனது, டிவியை அணைக்கத்தான்.

அவரும் நானும் பல வருடங்களாக ஒரே நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். தஞ்சாவூரில் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில் இருந்த சிறிய நிறுவனம் அது. அரிசி ஆலைகளுக்கான மென்பொருள் செய்தோம். நெல் வண்டி உள்ளே வருவதிலிருந்து அரிசி மூட்டையாகி வெளியே போகும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் பதிந்து வைக்கும் வேலை அதனுடையது. கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார் முதலாளி. சார் கீழ்வேளூருக்கே போய்விட்டார். அங்கே அவருக்கும் தம்பிக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. மற்றவர்கள் அவரவர் ஊரில். நான் மட்டும் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தேன். அம்மா இறந்த பிறகு என் வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது. ஆபீசிலும்தான் கிடையாது. ஆனால் அங்கே கீழே ஒரு டீக்கடை இருந்தது, படிக்கட்டில் யாராவது ஏறி இறங்கும் சத்தம் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்த இன்னொரு குழு எங்களோடு சேர்ந்தது. இனி இரண்டு குழுவும் ஒரே நிரலை, அதாவது மென்பொருளை இயக்கும் அந்த வரிகளை, தொட்டு எழுத வேண்டும். அதுவரை நாங்கள் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருந்தோம். நெல்லின் ஈரத்துக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்திருந்தோம். ஒருவர் வரியை நீளமாக ஓடவிடுவார், ஒருவர் துண்டு துண்டாக ஒடிப்பார். நான் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அது என்ன செய்கிறது என்று இரண்டு வரி தமிழில் எழுதி வைப்பேன். இயந்திரம் அதைப் படிக்காது. பின்னால் வருகிறவர்களுக்காக எழுதுவது. இதையெல்லாம் பேசி முடிவெடுத்து, ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் சென்னைக் குழுவின் தலைவி. வயதில் என்னைவிடச் சிறியவர், பொறுமையானவர். வாரம் ஒருமுறை எல்லோரும் வீடியோவில் கூடி ஒவ்வொரு விதியாகப் பேசினோம். பெரும்பாலானவை சிரித்துப் பேசி முடிந்தன. சில மட்டும் இழுத்துக்கொண்டிருந்தன; அதில் ஒன்று முடியவே இல்லை.

நிரலில் ஒரு வரிக்குக் கீழ் அடங்கும் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுவோம். அந்த இடத்தை டேப் விசையை ஒரு முறை தட்டியும் விடலாம்; ஸ்பேஸ் விசையை நான்கு முறை தட்டியும் விடலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சென்னைக்காரர்கள் ஸ்பேஸ் என்றார்கள். எங்கே திறந்தாலும் ஒரே மாதிரித் தெரியும், உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு எதுவானாலும் சரி. சார் மட்டும், "டேப்பே இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டுமே, அதனால யாருக்கு என்ன கஷ்டம்?" என்று மட்டும் சொல்வார். அவர் கேமராவை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். கறுப்புக் கட்டத்திலிருந்து அந்தக் குரல் மட்டும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையாகிக்கொண்டு வந்தது. ஒரு வாரம், "சாருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்று யாரோ சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்.

முதலாளிக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. சார் வரவில்லை. நான் கிளம்பும்போது முதலாளியின் மனைவி என் கையில் இரண்டு தாம்பூலப் பைகளைக் கொடுத்து, "நாகப்பட்டினம் வழியா போனா கீழ்வேளூர் வழியிலதானே, அவர்ட்ட ஒண்ணு குடுத்துட்டுப் போங்களேன்" என்றார். அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

டிவியை அணைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு சார் தானாகவே, கணினிக்குத் திரையாக வைத்திருந்த அந்த டிவியை மறுபடி போட்டார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறதாம். நேராகப் பார்த்தால் பார்க்கிற இடம் மட்டும் அழிந்துபோகும். ஓரத்தால் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். மருத்துவர்கள் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "இப்ப பாருங்க" என்று சென்னைக்காரர்கள் எழுதிய ஒரு பக்கத்தைத் திறந்தார். திரை முழுக்க வெறும் வெள்ளை. அம்புக்குறி விசையை அழுத்தினார். வெள்ளை. மறுபடி அழுத்தினார். எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கும்போது வரிக்கு முன்னால் விட்ட அந்த ஸ்பேஸ்களே திரையை அடைத்துக்கொண்டன. முதல் எழுத்து வந்து சேர நேரமானது. அடுத்து, டேப் தட்டி நான் எழுதிய பக்கத்தைத் திறந்தார். வரி உடனே தெரிந்தது. டேப் என்றால் அதன் அகலத்தை அவரவர் திரையில் குறைத்துக்கொள்ளலாம். அவர் அதை ஓர் எழுத்து அகலத்துக்குச் சுருக்கி வைத்திருந்தார். "அவ்வளவுதாம்மா விஷயம்" என்றார்.

"இதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே ஒத்துக்கிட்டிருப்பாங்களே சார்" என்றேன்.

"ஒத்துக்குவாங்க. ரொம்ப நல்லபடியாவே ஒத்துக்குவாங்க. ஆனா ஒரு தடவை பாவம்னு நெனச்சுட்டாங்கன்னா அப்புறம் வேலை குடுக்க மாட்டாங்க. வேலை மாதிரி ஏதாவது குடுப்பாங்க. நீங்களும் சொல்லக் கூடாது" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். திருவாரூர் வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். அவரிடம் கொடுக்க வேண்டிய பை என் கையிலேயே இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் நான் பேசினேன். டேப்தான் வேண்டும் என்றேன். தலைவி வியப்போடு, "நீங்களுமா மேடம்? காரணம் சொல்லுங்க, சரியா இருந்தா உடனே மாத்திக்கறோம்" என்றார். சொல்லக்கூடிய காரணம் என்னிடம் இல்லை. எனக்குப் பழகிவிட்டது என்றேன். நான் சொல்லும்போதே அது எவ்வளவு மெலிந்த பதில் என்று தெரிந்தது. அந்தக் கறுப்புக் கட்டம் அன்று பேசவே இல்லை. கடைசியில் பேரம் பேசினேன். பெயர்கள் எல்லாம் உங்கள் முறைப்படி இருக்கட்டும். வரி நீளம் உங்கள் விருப்பம். குறிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்றீர்களே, அதற்கும் சரி. இது ஒன்றை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள். தலைவி சற்று யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். விதிகளை எழுதிவைத்த பக்கத்தில், டேப் என்பதற்கு எதிரே 'தஞ்சாவூர் குழுவின் வேண்டுகோளின்படி' என்று போட்டார். பகுதிகளின் தலையில் நான் தமிழில் எழுதியிருந்த வரிகளை நானே ஒவ்வொன்றாக அழித்தேன். அதில் சில, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவை. இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் என் வீட்டிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

விதிகள் முடிவானதும் பழைய நிரல் முழுவதையும் அவற்றுக்கேற்பத் திருத்த வேண்டியிருந்தது. இடைவெளி, வரிமுறிவு போன்றவற்றை ஒரு கருவியே சரிசெய்துவிடும். பெயர்களை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். பழைய பகுதிகளை எழுதியவர்கள் என்பதால் அந்த வேலை எனக்கும் சாருக்கும் வந்தது. காலையில் ஆபீஸ் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் அவருக்குப் போன் போடுவேன். நான் வரி வரியாகப் படிப்பேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்து, "இதுக்கு அந்தப் பேரு பொருந்தாதும்மா, இது காயவைக்கிறதுக்கு முன்னாடி உள்ள எடை" என்பார். அடைமழைக் காலம். தஞ்சாவூரில் தூறலாக இருக்கும்போது அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். தகரத்தில் விழும் மழையில் அவர் குரல் அடிக்கடி மூழ்கிப் போகும். "இருங்க, நிக்கட்டும்" என்பார். இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழை நிற்பதற்காகக் காத்திருப்போம். வயலில் தண்ணீர் வடிந்ததா, தம்பி வாய்க்காலை வெட்டிவிட்டாரா என்பதெல்லாம் எனக்கும் தெரிந்திருந்தது. என் சாப்பாடு என்ன என்று அவர் மனைவி பின்னாலிருந்து கேட்பார். அம்மாவுக்குப் பிறகு என்னிடம் அதைக் கேட்டவர் அவர்தான். திருத்த வேண்டிய பக்கங்கள் குறையக் குறைய நான் மெதுவாகப் படிக்க ஆரம்பித்தேன். சாருக்கு அது தெரிந்ததோ என்னவோ, அவசரப்படுத்தவில்லை.

பொங்கலுக்கு முன் வேலை முடிந்தது. அதன் பிறகு போன் பேசக் காரணம் இல்லாமல் போயிற்று. முன்பெல்லாம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து, இங்கே ஒரு வரி விடுங்களேன், இந்தப் பெயர் நீளமாக இருக்கிறதே என்று சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டிருப்போம். இப்போது அதையெல்லாம் கருவியே பார்த்துக்கொண்டது. நிரல் சுத்தமாக இருந்தது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சார் அதற்குப் பிறகும் சில வருடங்கள் வேலை பார்த்தார்; நன்றாகவே பார்த்தார். பிறகு ஒருநாள், வயல் வேலை அதிகமாகிவிட்டது, தம்பியால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மட்டும் போன் செய்து, "இனிமே முடியலம்மா" என்றார். சென்னைத் தலைவி வெளிநாடு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேறு இடம் போனார்கள். இப்போது குழுவுக்கு நான்தான் தலைவி. புதிதாக வருகிற பிள்ளைகள் வந்த சில வாரங்களில் கேட்பார்கள், ஏன் மேடம் நாம மட்டும் டேப் என்று. அப்படித்தான் என்பேன். மேடத்துக்கு அந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு என்று எனக்குத் தெரியும். சார் போன பிறகும் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் திரும்பி வரமாட்டார் என்பது தெரியும். ஆனாலும் ஒருவர் வீட்டைக் காலி செய்த மறுநாளே சுவரில் அவர் அடித்த ஆணியைப் பிடுங்குவார்களா?

போன மாதம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து மரியாதையாக எழுதிக் கேட்டார்கள். புதிதாக வாங்கிய கருவிகள் எல்லாமே ஸ்பேஸைத்தான் எதிர்பார்க்கின்றன, தினமும் இடறுகிறது என்று காரணங்களோடு எழுதியிருந்தார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். முடியாது என்று எழுதத் தொடங்கி, நிறுத்திவிட்டு, சாருக்குப் போன் செய்தேன். வெகுநாள் கழித்துப் பேசுகிறேன். அறுவடைச் சமயம், பின்னால் எந்திரச் சத்தம். குரலை வைத்தே உடனே தெரிந்துகொண்டார். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். கண் எப்படி என்று கேட்டேன். வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியாது என்றார். தம்பியும் அவரும் அறுவடை எந்திரம் ஒன்று வாங்கி வாடகைக்கு விடுகிறார்களாம். "யாருக்கு எப்ப, எந்த வயலுக்கு எந்தப் பக்கமா வண்டி எறங்கணும், எல்லாம் நாந்தான் போன்லயே சொல்றேன். கீழ்வேளூரச் சுத்தி எந்த வயல்னாலும் மனசுலயே இருக்கே" என்று சிரித்தார். இடையில் யாரோ அவரை அழைத்தார்கள். இருங்க வரேன் என்று அங்கே குரல் கொடுத்தார்.

நான் டேப் விஷயத்தைச் சொன்னேன்.

"எதும்மா? டேப்பா?" என்றார். அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நான் விளக்கினேன். கூட்டம், ஸ்பேஸ், டிவி என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு, "அடடா!" என்று பெரிதாகச் சிரித்தார். "அது இன்னமுமா அப்படியே வச்சிருக்கீங்க? மாத்திருங்கம்மா. பசங்களப் போட்டு ஏன் கஷ்டப்படுத்துறீங்க" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "வண்டி வந்துருச்சும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை யாரும் நிரலைத் தொட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு நானே மாற்றினேன். கட்டளை கொடுத்துவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தபோது முடிந்திருந்தது. எங்கள் நிரலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு வரியின் முன்னாலும் இருந்த டேப் போய், அந்த இடத்தில் ஸ்பேஸ் வந்திருந்தது. சோதனைகள் எல்லாவற்றையும் ஓட்டினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. குழுவில் ஒரு பெண், "தேங்க்ஸ் மேடம், எதுவுமே உடையல!" என்று எழுதினாள். நான் பழைய பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். என் திரையில் நான்கு எழுத்து அகலத்துக்கு டேப் வைத்திருந்தேன். இப்போதும் நான்கு ஸ்பேஸ். வரிகள் நேற்று நின்ற அதே இடத்தில் நின்றன. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்றவர் இன்னும் கூப்பிடவில்லை. அறுவடை முடியட்டும் என்று இருக்கிறேன்.