நிறம் பிடிக்காத கண்ணாடித் துண்டு

"உறையவைத்த திசுவுக்கு மட்டும்; மெழுகில் பதித்த திசுவில் சரிபார்க்கப்படவில்லை" என்று, புற்றுநோய்க் கலங்களில் ஒட்டி நிறம் காட்டும் அந்த அன்டிபொடி மருந்தோடு வந்த தாளில் இருந்தது. கண்டி ஆய்வுகூடத்தில் அந்த விதியைப் படிப்பித்தவனே நான்தான். பரீட்சையில் கேட்டால் முழுப் புள்ளி எனக்கு.

சண்டைக் காலத்தில் மெழுகுத் திசுவுக்கு உரிய அன்டிபொடி வந்து சேரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து என்னோடு இருந்த அக்காவின் கழுத்துக் கட்டியை மெழுகில் பதித்து வெட்டி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, இதையே இட்டேன். புற்றுநோயென்றால் பழுப்பு நிறம் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை.

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ, பெரிய டொக்டர்?" என்று அக்கா சிரித்தாள்.

"ஓம் அக்கா, ஒண்டுமில்லை."

அதனால் வைத்தியம் தொடங்கவில்லை. கட்டி பெருத்த பிறகுதான், மெழுகுத் திசுவில் இது வேலை செய்யுமா என்று கம்பனிக்கு எழுதிக் கேட்டேன். "செய்யாது" என்ற பதில், அக்கா செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியையன்று வந்தது.